ஒரு பந்தம் நிற்கையில் மறு வாழ்வு: கோவை வழக்கும் ஃபிக்ஹ் காட்டும் இடைநிலையும்

திருமணம் இருவருக்கிடையே நிகழும் உடன்படிக்கை. ஆயினும் அதன் விளைவுகள் அவ்விருவரோடு நின்றுவிடுவதில்லை. பிறக்கும் பிள்ளையின் வமிசம், பெண்ணின் வாழ்வாதாரம், சொத்தின் பங்கு, இரு குடும்பங்களின் மானம் ஆகிய யாவும் அந்த ஒரு பந்தத்தைப் பற்றியே நிற்கின்றன. எனவேதான் ஒரு பந்தம் முறிக்கப்படாமல் இருக்கும்போதே இன்னொருவருடன் வாழத் தொடங்குவது எல்லாச் சமயங்களிலும் எல்லாச் சட்டங்களிலும் கடுமையான வினாவாக எழுந்திருக்கிறது. அது பாவமா, குற்றமா என்பது அவ்வினாவின் ஒரு பாதி. அவ்வாழ்வுக்குள் அறிந்தோ அறியாமலோ வந்துவிட்ட பெண்ணுக்கும், அதில் பிறந்த பிள்ளைக்கும் என்ன உரிமை என்பது மறுபாதி. முதற்பாதி குறித்து நம் மேடைகளில் நிறையப் பேசப்படுகிறது. மறுபாதி பெரும்பாலும் நீதிமன்ற வாசலில் மட்டுமே பேசப்படுகிறது. அவ்வாறு பேசப்பட்ட வழக்குகளுள் இந்தியா முழுவதும் மேற்கோள் காட்டப்படும் ஒன்று நம் கோயம்புத்தூரில் தொடங்கியது. அதனை முன்வைத்து, நாட்டுச் சட்டம் நடந்து வந்த பாதையையும் நமது ஃபிக்ஹ் இவ்விடத்தில் வகுத்துள்ள ஏற்பாட்டையும் இங்கு ஆராய்வோம்.

கோவைக் குடும்ப நீதிமன்றத்தில்

2001ஆம் ஆண்டு கோவைக் குடும்ப நீதிமன்றத்தில் ஒரு பெண் ஜீவனாம்ச மனு தாக்கல் செய்தார். பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தாம் 1986 செப்டம்பரில் மணந்ததாகவும், இரண்டு மூன்று ஆண்டுகள் தம் தந்தையின் வீட்டிலேயே இருவரும் வாழ்ந்ததாகவும், பின்னர் அவர் தம்மைக் கைவிட்டுச் சொந்த ஊருக்குச் சென்றுவிட்டதாகவும் அவர் கூறினார். மாதம் பத்தாயிரம் ரூபாய் ஊதியம் பெறுபவர் என்று சொல்லப்பட்ட அந்த ஆசிரியரிடமிருந்து அவர் கேட்ட தொகை மாதத்திற்கு 500 ரூபாய். ஆசிரியரோ, தமக்கு 1980இலேயே வேறொரு பெண்ணுடன் இந்து முறைப்படி திருமணமாகி ஒரு மகனும் இருப்பதாக வாதிட்டார். அப்படியானால் 1986இல் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது திருமணமே ஆகாது என்பது அவ்வாதத்தின் உட்பொருள்.

2004இல் குடும்ப நீதிமன்றம் மனுதாரரையே மனைவி என ஏற்றது. 1980இல் நடந்ததாகச் சொல்லப்பட்ட மணத்தை அது ஏற்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்து, 2010 அக்டோபர் 21 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, டி.எஸ். தாக்கூர் ஆகியோரால் தீர்ப்பளிக்கப்பட்டது. முதல் மனைவி எனப்பட்டவரை வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்க்காமலும், அவருக்கு அறிவிப்பு அனுப்பாமலும், அவர் மனைவியல்லர் என்று முடிவு செய்தது இயற்கை நீதிக்கு முரண் என்று அவ்வமர்வு கூறியது. கீழமை நீதிமன்றங்களின் தீர்ப்புகள் நீக்கப்பட்டு, வழக்கு மீண்டும் கோவைக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஐந்நூறு ரூபாய் கேட்டு ஒன்பது ஆண்டுகள் நடந்த பெண், தொடங்கிய இடத்திற்கே திரும்பினார்.

அத்தோடு நீதிமன்றம் நிற்கவில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 'திருமணத் தன்மையிலான உறவு' என்ற ஒரு தொடரைக் கையாண்டிருந்தும் அதற்கு விளக்கம் தரவில்லை. அவ்விளக்கத்தை இத்தீர்ப்பு வகுத்தது. இருவரும் கணவன் மனைவி போன்று சமுதாயத்தின் முன் நடந்திருக்க வேண்டும். மண வயதை எட்டியிருக்க வேண்டும். சட்டப்படி மணம் செய்துகொள்ளும் தகுதி பெற்றவர்களாக, அதாவது மணமாகாதவர்களாக இருக்க வேண்டும். தாமே விரும்பிக் கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே இல்லத்தில் வாழ்ந்திருக்கவும் வேண்டும். இவற்றுள் மூன்றாவது நிபந்தனையே நமது பொருளின் மையம். ஆண் ஏற்கெனவே மணமானவன் என்றால், அவனுடன் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருந்தாலும் இந்தச் சட்டத்தின் வாசல் அப்பெண்ணுக்குத் திறவாது என்றாயிற்று. அத்தகைய பெண்ணைக் குறிக்க 'வைப்பு' என்னும் பொருள்படும் சொல்லைத் தீர்ப்பு பயன்படுத்தியது. அப்போதைய கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் இந்திரா ஜெய்சிங் அச்சொல்லை வெளிப்படையாகக் கண்டித்தார். ஆனால் சொல்லை மாற்றினாலும் நிலை மாறிவிடாது. மனைவி அல்லது ஒன்றுமில்லை என்ற இரண்டே அறைகள் கொண்ட வீடாக அன்றைய சட்டம் இருந்தது என்பதே நாம் கருத வேண்டிய செய்தி.

ஒருதார விதி வந்த வழி

இந்த இரண்டறை வீடு எப்படி எழுந்தது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். இந்து ஆண் பல பெண்களை மணப்பதற்குப் பழைய இந்துச் சட்டத்தில் தடை இல்லை. சென்னை மாகாணம் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்குக்கும் வழிசெய்தது. 1955இன் இந்துத் திருமணச் சட்டம் அதனை நாடு முழுவதற்கும் ஆக்கியது. அச்சட்டப்படி, வாழ்க்கைத் துணை உயிருடன் இருக்கையில் செய்யப்படும் மறுமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது. அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 494ஆம் பிரிவு அதனை ஏழாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவு அவ்விதியைத் தொடர்கிறது.

தடை கடுமையானது, ஆனால் அதிலிருந்து தப்பும் வழி எளிதாக இருந்தது. இரண்டாவது மணம் முறையான சடங்குகளுடன் நிகழ்ந்தது என்று நிரூபிக்கப்பட்டால் மட்டுமே குற்றம் நிலைக்கும் என 1965 முதல் உச்ச நீதிமன்றம் கூறிவந்தது. எனவே சடங்கில் ஒரு குறையைக் காட்டிவிட்டால், அதே குறை ஆணைச் சிறையிலிருந்து காத்தது. பெண்ணை மனைவி என்ற பெயரிலிருந்து நீக்கியது. தமிழ்நாட்டில் இக்கதவு ஓரளவு அடைபட்டது. சுயமரியாதைத் திருமணங்களுக்கு ஏற்பளிக்க 1967இல் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவின்படி, உற்றார் முன்னிலையில் மாலை மாற்றுதலோ தாலி கட்டுதலோ போதுமானது. திருத்தணியில் நிகழ்ந்த ஓர் இரண்டாம் மணம் தொடர்பான வழக்கில், ஏழடி நடக்கும் சடங்கு நிகழவில்லை என்ற வாதத்தை 2001இல் உச்ச நீதிமன்றம் இப்பிரிவைச் சுட்டித் தள்ளிவிட்டது.

இன்னொரு தப்பும் வழி நம் மார்க்கத்தின் பெயரையே கருவியாகக் கொண்டது. முதல் மனைவியை விலக்காமல் இஸ்லாத்தைத் தழுவியதாக அறிவித்து, அதன் மறைவில் மறுமணம் செய்துகொண்ட ஆண்கள் சிலரின் செயல் 1995இல் சரளா முத்கல் வழக்கிலும், 2000இல் லில்லி தாமஸ் வழக்கிலும் விசாரிக்கப்பட்டது. மதம் மாறுவதால் முந்தைய பந்தம் தானாக முறிந்துவிடாது. அத்தகைய மறுமணம் செல்லாதது. அது தண்டனைக்குரியது என்பது தீர்ப்பு. 1995இன் தீர்ப்பில் பொதுச் சிவில் சட்டம் பற்றிக் கூறப்பட்டவை நம்மிடையே பெரும் விவாதத்தைக் கிளப்பின. அவ்விவாதத்தின் இரைச்சலில் ஒன்றை நாம் கவனிக்கத் தவறலாகாது. ஒரு பெண்ணை ஏமாற்றும் பொருட்டுக் கலிமாவை வாயளவில் மொழிபவனுக்கு ஷரீஅத் அடைக்கலம் தர வேண்டும் என்று வாதிட நமக்கு எந்தத் தேவையும் இல்லை. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்பது நபி (ஸல்) அவர்கள் கற்பித்த முதற்பாடம்.

நீதிமன்றங்களின் தேடல்

கோவை வழக்கிற்கு முன்னும் பின்னும் உச்ச நீதிமன்றம் இந்த மறுபாதி வினாவுடன் போராடியதைக் காண்கிறோம். 2005இல் ஒரு குஜராத் வழக்கில், ஜீவனாம்சப் பிரிவில் வரும் 'மனைவி' என்பது சட்டப்படியான மனைவியை மட்டுமே குறிக்கும் என்றது. சட்டத்தில் குறை இருப்பின் அதனை நிரப்ப வேண்டியது சட்டமன்றம் என்றும் கூறி நின்றது. 2013 அக்டோபரில் பாதுஷா வழக்கில் ஓரடி முன்னே வந்தது. முதல் மணத்தை மறைத்து ஒரு பெண்ணை மணந்தவன், அந்த முதல் மணத்தையே கேடயமாகப் பிடித்து ஜீவனாம்சத்தை மறுக்கலாகாது. தன் தவற்றிலிருந்து அவனே பயன் பெறலாகாது என்பது அதன் கருத்து. அடுத்த மாதமே இந்திரா சர்மா வழக்கில், ஆண் மணமானவன் என அறிந்தே அவனுடன் வாழ்ந்த பெண்ணுக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு கிட்டாது எனத் தீர்ப்பானது. அறியாமையும் அறிதலும் வேறுபடுத்தப்பட்டமை இங்கே குறிப்பிடத்தக்கது.

2025ஆம் ஆண்டில் இரண்டு தீர்ப்புகள் இன்னும் முன்சென்றன. முதற்கணவனை விட்டு எழுத்துவழி ஒப்பந்தத்தின் பேரில் பிரிந்து, முறையான மணவிலக்கு பெறாமலே இரண்டாமவரை மணந்த பெண்ணுக்கு, உண்மையை அறிந்தே மணந்த அந்த இரண்டாமவர் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று ஜனவரியில் கூறப்பட்டது. செல்லாதது என அறிவிக்கப்பட்ட இந்துத் திருமணத்திலும் நிரந்தர ஜீவனாம்சம் வழங்கலாம் என்று பிப்ரவரியில் மூவர் அமர்வு தீர்த்தது. பிள்ளைகளைப் பொறுத்தவரை, செல்லாத மணத்தில் பிறந்தவர்களும் முறையான பிள்ளைகளே என்று இந்துத் திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு முன்னரே ஏற்றிருந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் அவர்களுடைய பெற்றோருக்கு விழும் பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என 2023 செப்டம்பரில் தெளிவாக்கப்பட்டது.

இத்தீர்ப்புகளை ஒன்றாக வைத்து நோக்கினால் ஒரு திசை புலப்படுகிறது. இரண்டறை வீட்டில் மூன்றாவதாக ஓர் அறையைக் கட்ட நீதிமன்றங்கள் முயல்கின்றன. மணம் செல்லாது, ஆயினும் அதன் விளைவுகள் அனைத்தும் வெறுமையாகிவிடா என்பதே அந்த மூன்றாம் அறை. ஃபிக்ஹை அறிந்தவர்க்கு இந்த அறை புதியதன்று.

ஸஹீஹ், ஃபாஸித், பாத்தில்

கொங்கு நாட்டு முஸ்லிம்களில் ராவுத்தர்களும் தக்கனி பேசுவோரும் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர்கள். அம்மத்ஹபின் சட்ட அறிஞர்கள் நிகாஹை மூன்று நிலைகளில் வைத்தனர். எல்லா நிபந்தனைகளும் நிறைந்தது ஸஹீஹ். அடிப்படையே இல்லாதது பாத்தில். தாய், மகள், சகோதரி போன்று என்றென்றைக்கும் விலக்கப்பட்டவர்களை மணப்பதும், பிறர் மனைவி என அறிந்தே ஒருத்தியை மணப்பதும் இவ்வகையில் எண்ணப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது ஃபாஸித். சாட்சிகளின்றி நிகழ்ந்த நிகாஹ், மனைவி இருக்கையில் அவள் சகோதரியை மணப்பது, பிறருடைய இத்தாவில் இருப்பவள் என்பதை அறியாமல் மணப்பது ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள்.

ஃபாஸித் என்று தெரிந்தவுடன் இருவரும் பிரிய வேண்டும். அவர்களிடையே வாரிசுரிமை இல்லை. ஆனால் தாம்பத்தியம் நிகழ்ந்துவிட்டிருப்பின், பெண்ணுக்கு மஹ்ர் உண்டு. பேசப்பட்ட மஹ்ர், அவளையொத்த பெண்டிருக்கு வழங்கப்படும் மஹ்ர் ஆகிய இரண்டில் குறைந்தது அவளுக்குரியது. அவள் இத்தா இருக்க வேண்டும். பிறக்கும் பிள்ளையின் நஸப் தந்தையைச் சேரும். ஏனைய மத்ஹபுகள் இந்த மூன்று பெயர்களை இதே முறையில் கையாளாவிடினும், ஷுப்ஹா என்னும் ஐயத்தின் அடிப்படையில் நிகழ்ந்த உறவுக்கு மஹ்ரையும் இத்தாவையும் நஸபையும் ஏற்கின்றன.

இதன் வேர் ஆழமானது. வலீயின் அனுமதியின்றி ஒரு பெண் செய்துகொள்ளும் நிகாஹ் பாத்தில் என்று கூறும், ஆயிஷா (ரழி) அவர்கள் வழியாக வந்த நபிமொழி, உறவு நிகழ்ந்துவிட்டால் அவளுக்கு மஹ்ர் உண்டு என்றும் சேர்த்தே கூறுகிறது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு நிகழ்வு பதிவாகியுள்ளது. துலைஹா என்ற பெண் முதற்கணவரின் இத்தா முடியுமுன் இன்னொருவரை மணந்தார். கலீஃபா உமர் (ரழி) அவர்கள் இருவரையும் தண்டித்துப் பிரித்தார்கள். பின்னர், முந்தியவருக்குரிய இத்தாவை முடித்து, அதன்பின் பிந்தியவருக்குரிய இத்தாவையும் அவள் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். அவளுக்கு மஹ்ர் உண்டு என்ற ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்களின் கருத்தும் அதனோடு வருகிறது. தண்டனை ஒருபுறம், உரிமை மறுபுறம் என இரண்டும் ஒரே தீர்ப்புச் சூழலில் நிற்பதைக் கவனியுங்கள். தவற்றைத் தவறென்று சொல்வதற்காகப் பெண்ணை வெறுங்கையுடன் அனுப்ப வேண்டிய தேவை நம் முன்னோருக்கு ஏற்படவில்லை.

இந்திய நீதிமன்றங்களும் இக்கோட்பாட்டைப் பயன்படுத்தியுள்ளன. மனைவி இருக்கையில் அவள் சகோதரியை மணந்த ஒருவர், இது செல்லாத மணம், எனவே ஜீவனாம்சம் இல்லை என்று வாதிட்ட வழக்கில், இது ஃபாஸித் வகையைச் சார்ந்தது, உரிய நீதிமன்றம் நீக்கும் வரை அப்பெண்ணும் பிள்ளையும் ஜீவனாம்சம் பெறுவர் என 2008 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஹனஃபி நூல்கள் ஃபாஸித் நிகாஹில் நஃபகாவை விதிப்பதில்லை; எனவே நீதிமன்றம் நூல்களைத் தாண்டி ஓரடி சென்றது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2019இல், முஸ்லிம் ஆணுக்கும் இந்துப் பெண்ணுக்கும் பிறந்த மகனின் சொத்துரிமை பற்றிய கேரள வழக்கிலும் இதே கோட்பாடு அம்மகனைத் தந்தையின் வாரிசாக நிலைநிறுத்தியது.

தொங்கவிடப்பட்டவள்

இதுவரை பெரும்பாலும் ஆண் தொடங்கும் மறுவாழ்வைப் பேசினோம். ஒரு பந்தம் நிற்கையில் ஒரு பெண் இன்னொருவருடன் வாழத் தலைப்படுவதும் உண்டு. திருக்குர்ஆன் (4:24) மணமான பெண்ணைப் பிறருக்கு விலக்கியதில் ஐயமில்லை. முஸ்லிம் பெண் கணவன் இருக்கையில் செய்யும் மறுமணம் செல்லாதது. 82ஆம் பிரிவு அவளுக்குப் பொருந்தும். 2018 செப்டம்பரில் பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் நீக்கியதால், மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வது தண்டனைக்குரியதாக இல்லை. மார்க்கத்தின் பார்வையில் அது ஸினா என்பதில் மாற்றமில்லை.

ஆனால் அத்தகைய நிலைக்கு ஒருத்தி எவ்வாறு தள்ளப்படுகிறாள் என்பதையும் ஷரீஅத் கேட்கிறது. மனைவியைத் தொங்கலில் விடப்பட்டவளைப் போல் ஆக்கிவிடாதீர்கள் என்பது 4:129 தரும் எச்சரிக்கை. கணவன் வரமாட்டான், விடவும் மாட்டான், செலவுக்கும் தரமாட்டான் என்ற நிலையே முஅல்லகா. காணாமற்போன கணவனின் மனைவி, அவனுடைய சமவயதினர் இறந்துபோகும் காலம்வரை காத்திருக்க வேண்டும் என்ற ஹனஃபி நிலைப்பாடு, பிரிட்டிஷ் இந்தியாவில் பெண்களைக் கடும் நெருக்கடியில் தள்ளியது. விடுதலை பெற வேறு வழியின்றி மார்க்கத்தைத் துறப்பதாக அறிவித்த பெண்களும் இருந்தனர். இந்நிலை கண்டு மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள் 1930களின் தொடக்கத்தில் மாலிகி அறிஞர்களின் கருத்தைப் பெற்று, அதன்படி ஃபஸ்க் செய்ய ஹனஃபிப் பெண்களுக்கும் வழி உண்டு என்று 'அல்ஹீலதுன் நாஜிஸா' என்ற நூலில் நிறுவினார்கள். காணாமற்போனவனின் மனைவி நான்கு ஆண்டுகள் காத்திருக்கட்டும் என்ற உமர் (ரழி) அவர்களின் தீர்ப்பே அம்மாலிகிக் கருத்தின் அடித்தளம்.

அவ்வுழைப்பின் பயனாக 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் பிறந்தது. கணவன் நான்கு ஆண்டுகளாகக் காணப்படாமை, இரண்டு ஆண்டுகள் பராமரிப்புச் செலவு தராமை, ஏழாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத் தண்டனை, மூன்று ஆண்டுகள் இல்லறக் கடமை தவறுதல், கொடுமை முதலிய காரணங்களால் மனைவி நீதிமன்றத்தில் மண முறிவு பெறலாம். ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை உடையவன் குர்ஆன் பணித்தவாறு நீதியுடன் நடத்தாமையும் அச்சட்டப்படி கொடுமையே. மார்க்கத்தைத் துறப்பதால் மட்டும் மணம் முறியாது என்றும் அது விதித்தது. வாசல் திறந்தே இருக்கிறது. ஆயினும் நம் மஹல்லாக்களில் எத்தனை பெண்களுக்கு அவ்வாசல் காட்டப்படுகிறது? விலக்கப்பட்டதில் விழுந்தபின் ஊர் கூடிக் கண்டிப்பதைவிட, இரண்டாண்டு செலவின்றித் தவித்த நாளிலேயே அவளைக் குடும்ப நீதிமன்றத்திற்கு அழைத்துச் செல்வது ஜமாஅத்தின் கடமைக்கு நெருக்கமானது.

நம் வீட்டின் நிலை

கோவை வழக்கின் பெண்ணுக்கு நம் சட்டம் பொருந்தாது. ஃபிக்ஹ் அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்று சொல்லி நாம் பெருமை கொள்ளவும் இடமில்லை. ஏனெனில் அவரையொத்த ஒரு முஸ்லிம் பெண்ணின் இடர் வேறொரு வடிவில் வருகிறது. முஸ்லிம் ஆணின் இரண்டாம் நிகாஹ், ஆண் மணமானவன் என்பதால் செல்லாததாகிவிடுவதில்லை. எனவே பின்னாளில் அவளை மறுக்க விரும்பும் ஆண், 'முதல் மணம் இருக்கிறது' என்று வாதிடத் தேவையில்லை; 'நிகாஹே நடக்கவில்லை' என்று சொன்னால் போதும். வெளியூரில், தெரிந்தவர் இருவரைச் சாட்சியாக வைத்து, சொந்த மஹல்லாவின் பதிவேட்டில் எழுதாமல், முதல் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மறைத்துச் செய்யப்படும் நிகாஹ் அந்த மறுப்பை எளிதாக்குகிறது. கோவை, திருப்பூர் போன்று பல ஊரார் பிழைப்புக்காக வந்து சேரும் தொழில் நகரங்களில், ஒருவரின் முந்தைய வாழ்வை அறிந்தவர் அண்டையில் இருப்பதில்லை என்பது இவ்விடரை மிகுதிப்படுத்துகிறது.

நிகாஹைப் பகிரங்கப்படுத்துங்கள் என்ற நபிவழிப் போதனை விருந்துக்காகவும் தஃப்புக்காகவும் மட்டும் வந்ததன்று. ஊர் அறிந்த பந்தத்தை ஒருவன் மறுக்க இயலாது. ஊர் அறிந்தபின் ஒருவன் தன்னை மணமாகாதவன் என்று காட்டவும் இயலாது. நீதி செய்ய இயலாது என அஞ்சினால் ஒருத்தியே போதும் என்று 4:3 விதிக்கும் நிபந்தனையும் மறைவில் நிறைவேறாது. முதல் மனைவிக்கே தெரியாத ஒரு மணத்தில் இரவுகளையும் செலவையும் எவ்வாறு சமமாகப் பங்கிட முடியும்? இரு மனைவியருள் ஒருத்தியின் பக்கமே சாய்ந்தவன் மறுமையில் உடலின் ஒருபக்கம் சாய்ந்தவனாக வருவான் என்ற நபிமொழியை நாம் மறந்துவிடலாகாது.

நீதிமன்றங்கள் இதை உணர்ந்தே வந்துள்ளன. 1960இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், இரண்டாம் மணம் முதல் மனைவிக்குக் கொடுமையாக அமையலாம் என்றும், அந்நிலையில் அவளைத் தன்னுடன் வந்து வாழுமாறு கணவன் கட்டாயப்படுத்த இயலாது என்றும் கூறியது. 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், கணவனின் இரண்டாம் மணத்தால் முதல் மனைவி அடையும் துன்பத்திற்கு இழப்பீடு உண்டு என்ற முடிவை உறுதி செய்தது. தலாக் நிகழ்ந்ததா என்பதில் மனைவி முரண்பட்டால் அதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றமே, தனியார் ஷரீஅத் மன்றம் அன்று என்றும் அத்தீர்ப்பு கூறியது. தலாக்கை ஐயத்தில் விட்டுவிட்டு மறுமணம் செய்வோருக்கு இது தெளிவான எச்சரிக்கை.

நம் அண்டை நாடுகள் வெளிப்படைத் தன்மையைச் சட்டமாகவே ஆக்கியுள்ளன. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், மறுமணம் செய்ய விரும்புபவர் காழிக்கு முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும் என்றது. பாகிஸ்தானின் 1961ஆம் ஆண்டுக் குடும்பச் சட்ட ஆணை, இருதரப்புப் பிரதிநிதிகள் அடங்கிய மன்றத்தின் அனுமதியைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் அத்தகைய விதி இல்லை. ஆயினும் 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், எந்த மதத்தவரின் திருமணமாயினும் 90 நாட்களுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. ஜமாஅத்தின் நிகாஹ் புத்தகத்தோடு நின்றுவிடாமல் இப்பதிவையும் செய்து முடிப்பது பெண்ணின் கையில் ஒரு சான்றைத் தருகிறது.

இதற்கு மேல் ஜமாஅத்துகள் தாமே செய்துகொள்ளக்கூடியவை உண்டு. வெளியூர் மாப்பிள்ளைக்கு அவருடைய சொந்த மஹல்லாவிலிருந்து கடிதம் பெறும் வழக்கத்தை ஒரு சம்பிரதாயமாகக் கருதாமல், அவர் மணமானவரா, முந்தைய மனைவியின் நிலை என்ன, தலாக் ஆகியிருந்தால் அதன் சான்று எங்கே என்று கேட்டறிய வேண்டும். பெண் மறுமணம் செய்பவராயின் தலாக் அல்லது ஃபஸ்க் நிகழ்ந்த நாளும் இத்தா முடிந்த நாளும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். மறுமணம் செய்யும் ஆண், முதல் மனைவிக்குத் தெரிவித்தாரா என்பதும் எழுதப்பட வேண்டும். இவற்றுள் ஒன்றுகூட ஷரீஅத்திற்குப் புறம்பானதன்று.

மாதம் ஐந்நூறு ரூபாய்க்காகத் தொடங்கிய ஒரு மனு, மனைவி யார் என்ற வினாவுக்கு விடை காணாமலேயே ஒன்பது ஆண்டுகளைத் தின்றது. ஒரு பந்தம் உண்டா, அது முறிந்ததா, அடுத்தது எப்போது தொடங்கியது என்பன தெளிவாக எழுதப்பட்டிருந்தால் அத்தகைய வழக்கு எழுவதே அரிது. எழுதி வையுங்கள், சாட்சிகளை வையுங்கள் என்று கடன் கொடுக்கல் வாங்கலுக்கே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) பணிக்கிறது. ஒரு பெண்ணின் வாழ்வும் ஒரு பிள்ளையின் நஸபும் கடனைவிடச் சிறியவை அல்ல. அல்லாஹ்வே மிக அறிந்தவன்.